இரண்டாவது கேள்வி

தோவ்லியூ
ஏப்ரல் 7

அக்கா,

போன் செய்தால் அத்தான்தான் எடுக்கிறார். என் குரலைக் கேட்டதும், "இது மீன் தீவனக் கடை. இங்க வக்கீல் யாரும் இல்ல" என்று சொல்லி வைத்துவிடுகிறார். அதனால்தான் கடிதம். இதையும் அவர் பிரித்துவிட்டால், அத்தான், வணக்கம். படித்துவிட்டு தயவுசெய்து அக்காவிடம் கொடுங்கள்.

அப்பா அம்மா கல்லறையில் புல் வெட்டிக்கொண்டிருந்தபோது அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் வேறு எங்கே சொல்வது? வருடத்தில் அந்த ஒரு நாள்தான் நாம் எல்லோரும் ஒன்றாக நிற்கிறோம். அத்தான் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு மலையிறங்கிப் போனதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நீ திரும்பி நின்று அப்பாவின் கல்லைத் துடைத்துக்கொண்டே இருந்தாயே, ஏற்கெனவே துடைத்த கல்லை, அதுதான் என்னைச் சுட்டது.

நேற்று மனு கொடுத்துவிட்டேன். நம் கடலோரத் தொகுதிக்குக் கட்சி வேட்பாளராக என்னைத் தேர்ந்தெடுக்கும்படி கேட்டிருக்கிறேன். என்னோடு போட்டிக்கு இருப்பவர் ஒரே ஒருவர், சாய் சிங்-ஹாய். அப்பாவின் சிநேகிதர், நமக்குச் சிங்-ஹாய் பெரியப்பா. இருபது வருடமாக அந்த நாற்காலியில் இருப்பவர். கட்சி அலுவலகத்தில் என் மனுவை வாங்கிய பையன் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அக்கா, தெரிஞ்சுதான் செய்யறீங்களா?" என்று கேட்டான்.

தெரிந்துதான் செய்கிறேன். புயலடித்த அன்று பம்பு நிலையம் ஓடவில்லை. உன் வீட்டுக் கட்டில்கால் வரை உப்புத் தண்ணீர் நின்றது. லாய் மாமாவின் குளத்து விலாங்கு மீன் எல்லாம் ரோட்டில் நெளிந்தது. அந்தப் பம்பைப் பராமரிக்கிற ஒப்பந்தம் பெரியப்பாவின் ஆட்களிடம் இருக்கிறது என்பது நம் ஊரில் நாய்க்கும் தெரியும். அந்த வழக்கை நடத்தியவள் நான். அதற்காகத்தான் நிற்கிறேன், பெரியப்பா மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை.

உன் ஆதரவைக் கேட்கவில்லை. என்மேல் கோபமாக இருந்தால், அதையாவது இரண்டு வரி எழுதிப் போடு.

பி-சென்

*

கோவ்ஹூ
ஏப்ரல் 12

பி-சென்னுக்கு அக்கா எழுதுவது. நலம் என்று எழுத ஆசைதான். நலமாக இல்லை, எழுதவில்லை.

இரண்டு வரி போதும் என்றாய். இரண்டு வரியில் அடங்குகிற கோபமா இது?

உன் அத்தான் இந்த ஊர்த் தலைவர். அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தவர் பெரியப்பா. இந்த ஊரில் பெரியப்பாவுக்கு ஓட்டுச் சேர்ப்பது அத்தானின் வேலை. நீ நின்றாய் என்று தெரிந்த அன்று சாயங்காலமே கடைக்குள் ஏழெட்டுப் பேர் வந்து உட்கார்ந்துகொண்டு, "யுங்-ஃபூ, நீ எங்க ஆளா, இல்ல கொழுந்தியா ஆளா?" என்று கேட்டார்கள். மனுஷன் நிரம்பிய கோப்பையிலேயே தேநீரை ஊற்றிக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன்.

எனக்கு மட்டும் மாலையா போட்டார்கள்? சந்தையில் மட்டி விற்கிற ஆ-முய் இருக்கிறாளே, அவள் வாய்க்கு மூடி ஏது. "ஏய் சு-ஷியா, வீட்டுக்காரர் ஒரு பக்கம், தங்கச்சி ஒரு பக்கம். நீ எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கறே?" என்று அத்தனை பேர் நடுவில் கேட்கிறாள். "குப்புறப் படுக்கறேன்டி" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்துதான் அழுகை வந்தது.

உனக்கு நினைவு இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. ராணுவச் சட்டக் காலத்தில் தடை செய்த பத்திரிகையைக் கொண்டுபோனார் என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். காட்டிக்கொடுத்தவன் மீனவர் சங்கத்துக் கிழவன் கோ. அவன் மகன்தான் இப்போது, அன்றைக்கு ஆண்ட கட்சியின் வேட்பாளர், உங்களில் ஒருவருக்கு எதிரில் நிற்கப் போகிறவன். அப்போது நம் வாசலை மிதிக்க ஊரில் ஒருவருக்கும் தைரியமில்லை. சொந்த அத்தையே தெருவில் நம்மைப் பார்த்தால் குடையைச் சாய்த்துக்கொண்டு போனாள். பட்டப்பகலில் வந்தவர் பெரியப்பா ஒருவர்தான். "ஏம்மா, பசிக்குது" என்று கேட்டு, சர்க்கரைவள்ளிக் கஞ்சியை வாங்கி, வாசலில் தெருவைப் பார்த்து உட்கார்ந்து, ஊர் முழுக்கப் பார்க்கும்படி நிதானமாகக் குடித்தார். எதிர்க் கடையில் உளவுக்காரன் குறித்துக்கொண்டிருந்தான். "இன்னும் ஒரு கிண்ணம்" என்று கேட்டார். அதற்காகவே அவரையும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நம் வீட்டில் உப்பு இல்லாத நாளில் நம் கஞ்சியைக் குடித்தவர் அவர். அதுவும் அதே கணக்குத்தான்.

போன வாரம் கடைக்கு வந்தார். எதுவும் வாங்கவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "பி-சென் நல்லா சாப்பிடறாளா?" என்று கேட்டார். அவ்வளவுதான். நான் தலையாட்டினேன். அந்தச் சமயம் நீ என் எதிரில் இருந்திருந்தால் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன்.

சு-ஷியா

*

தோவ்லியூ
ஏப்ரல் 18

அக்கா,

எனக்கும் நினைவிருக்கிறது. கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தது நான். நீ உள்ளே அம்மாவைப் பிடித்துக்கொண்டிருந்தாய்.

அந்த மனிதரை நான் எதிர்த்து நிற்கவில்லை, அக்கா. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நான் எதிர்ப்பது அவரைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறவர்களை. பம்பு வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவதற்கு முன் அவரிடம்தான் முதலில் போனேன். வழக்குக் கோப்புகளையெல்லாம் விரித்துக் காட்டினேன். எஞ்சினில் இருந்த பழைய உதிரிகளின் படத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "எல்லாம் நம்ம பசங்கதாம்மா. கஷ்ட காலத்துல கூட நின்னவங்க. சத்தம் போடாதே, அடுத்த மழைக்குள்ள சொல்லிச் சரி பண்ணிடறேன்" என்றார். அடுத்த மழை வந்தது. என்ன ஆயிற்று என்று உனக்கே தெரியும். அன்று நீதானே அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மேசைமேல் நின்றாய்?

கஷ்ட காலத்தில் கூட நின்றவர்கள் என்றால் எத்தனை காலத்துக்கு ஊரை அவர்களுக்கு எழுதிவைப்பது?

நேற்று மாவட்ட அலுவலகத்தில் எங்கள் இருவரையும் பேசச் சொன்னார்கள். நான் எழுந்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவன், "நேத்து கட்சியில சேந்தவ, இன்னிக்கு வீட்டுச் சாவியைக் கேக்கறா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். "சாவியைக் கேக்கலைங்க. தண்ணி உள்ள வருது, கதவைத் திறங்கன்னு கேக்கறேன்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள், ஆனால் இந்த முறை வேறு ஆட்கள். பெரியப்பா மேடையில் என் பக்கத்தில் இருந்தார். சிரிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. என் மைக் உயரமாக இருந்ததைப் பார்த்துக் கையை நீட்டி இறக்கிவிட்டார்.

அங்கேயே எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது எனக்கு.

பி-சென்

*

கோவ்ஹூ
மே 3

பி-சென்,

இன்று தபாலில் உன் பிரசார அட்டை வந்தது. எங்கள் வீட்டுக்கு மட்டுமில்லை, தெருவுக்கே வந்திருக்கிறது. ஆ-முய் அதை மட்டிக் கூடைக்குமேல் செருகி வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வாசித்துக் காட்டுகிறாள். நானும் வாசித்தேன். வாசித்துவிட்டுத் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன்.

வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சி ஓட்டுப்பெட்டி வைப்பதில்லை, வீட்டுப் போனுக்குக் கூப்பிட்டுத்தான் கேட்கும் என்பது எனக்கும் தெரியும். இரண்டு கேள்வி. சாய் சிங்-ஹாயும் கோவும் நின்றால் யாருக்குப் போடுவீர்கள்? செங் பி-சென்னும் கோவும் நின்றால் யாருக்குப் போடுவீர்கள்? கோவுக்கு எதிரில் யாருக்கு அதிக வித்தியாசம் வருகிறதோ அவர்தான் வேட்பாளர். இதுவரை சரி.

உன் அட்டையில் என்ன போட்டிருக்கிறது? "ஆதரவு ஒருவருக்கே, செங் பி-சென்!" அதற்குக் கீழே, சாய் சிங்-ஹாய் பெயர் சொல்லிக் கேட்டால், "கோவுக்குத்தான் போடுவேன்" என்று சொல்லுங்கள், அப்போதுதான் பி-சென் முந்த முடியும். பக்கத்தில் நீ சிரிக்கிற படம் வேறு.

பெரியப்பாவைவிட கோ மேல் என்று ஊர் ஜனத்தைச் சொல்லச் சொல்கிறாய். அப்பாவைக் காட்டிக்கொடுத்தவன் மகன் மேல் என்று. அப்பா பெயரை உன் அட்டையில் வேறு போட்டிருக்கிறாய், "தியாகி செங்கின் மகள்" என்று. ஒரே அட்டையில், ஒரு விரற்கடை தள்ளி. உனக்குக் கூசவே இல்லையா?

இரு, இன்னும் முடியவில்லை. உன்னைத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்று பார்த்தால் அதுவும் முடியாது. பெரியப்பா ஆட்களும் இதையேதான் செய்கிறார்கள். அவர்கள் அட்டை அடிக்கவில்லை, வாயால் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதற்கும் இந்த ஊரில் பொறுப்பு உன் அத்தான்தான். வீடு வீடாகப் போய், "முதல் கேள்விக்கு சாய்னு சொல்லு. ரெண்டாவது கேள்வி, பி-சென் பேரு வரும், அதுக்கு கோன்னு சொல்லு" என்று பாடம் நடத்துகிறார். நேற்று சாப்பாடு முடிந்ததும் என்னையும் உட்கார வைத்தார். கரண்டியை ரிசீவர் மாதிரி காதில் வைத்துக்கொண்டு, குரலை மெல்லிசாக்கி, "வணக்கம்மா, கருத்துக் கணிப்புலேருந்து பேசறோம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதே. செங் பி-சென்னும் கோவும் நின்னா யாருக்கு?"

நான் தட்டுகளை அடுக்க ஆரம்பித்தேன்.

"சொல்லு. கோன்னு சொல்லு. ஒரு எழுத்துத்தானே!"

"வாய் வரலை."

"சு-ஷியா, ஊரே சொல்லப் போவுது. ஊர்த்தலைவர் பொண்டாட்டி சொல்லலைன்னா நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு அவரைப் பாக்கறது?"

முயற்சி செய்தேன், பொய் சொல்லவில்லை. வாயைத் திறந்தேன். விக்கல்தான் வந்தது. கரண்டியை வீசிவிட்டுப் போய்விட்டார். காலையில் சுவரில் புதுசாக ஒரு தாள் ஒட்டியிருந்தது, போனுக்கு நேர் மேலே. பெரிய எழுத்தில் கோ என்று எழுதியிருக்கிறார். நம் வீட்டுச் சுவரில் அந்தப் பெயர்.

அந்த அட்டையை எழுதியது யார்? அதை மட்டும் எனக்குச் சொல்.

சு-ஷியா

*

தோவ்லியூ
மே 6

அக்கா,

நான்தான் எழுதினேன்.

அலுவலகத்துப் பிள்ளைகள் எழுதியது என்று சொல்லலாமா என ஒரு ராத்திரி யோசித்தேன். உன்னிடம் முடியவில்லை. அவர்கள் எழுதிக்கொண்டு வந்தது வழவழவென்று இருந்தது, யாருக்கும் புரியாது. நான் வக்கீல், ஒரு தரம் படித்தால் மனதில் நிற்கிற மாதிரி எழுதத் தெரியும். எழுதிக் கொடுத்தேன்.

அவர்கள் ஆள் விட்டு அதையே சொல்லிக்கொடுக்கும்போது நான் மட்டும், "மக்களே, இருவருமே நல்லவர்கள், மனதில் பட்டதைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் என்ன ஆகும்? பெரியப்பாவின் ஆட்கள் எனக்கு எதிராக கோ என்பார்கள். என் ஆட்கள் அவருக்கு ஆதரவாக சாய் என்பார்கள். நான் நல்லவளாகத் தோற்று வீட்டுக்கு வருவேன், பம்பு துருப்பிடித்துக் கிடக்கும். இது நான் கண்டுபிடித்த விளையாட்டு இல்லை. கட்சிக்குள் எல்லோரும் இப்படித்தான் ஆடுகிறார்கள், ஆடி முடித்ததும் கைகுலுக்கிக்கொள்கிறார்கள். வார்த்தைதானே, ஓட்டா போடப் போகிறார்கள்?

எழுதிவிட்டுப் பார்த்தால் இது எனக்கே நன்றாக இல்லை. இருந்தாலும் கிழிக்கவில்லை.

கணிப்பு பதினொன்றாம் தேதி சாயங்காலம். ஒரே ஒரு உதவி செய். எனக்கு ஆதரவாக எதுவும் சொல்லவேண்டாம், அத்தானுக்கு முன்னால் உன்னால் முடியாது, தெரியும். அன்று போனைத் தொடாதே. கோயிலுக்குப் போ, ஆ-முய் வீட்டுக்குப் போ. அத்தானே எடுக்கட்டும், அவர் சொன்னால் எனக்கு வலிக்காது. உன் வாயிலிருந்து அது வரக்கூடாது, அக்கா. நான் தோற்றாலும் சரி.

பி-சென்

*

கோவ்ஹூ
மே 12

பி-சென்,

கோயிலுக்குப் போகவில்லை. நான் எதற்குப் போகவேண்டும்? என் வீடு, என் போன்.

நேற்று ஊர் இருந்த இருப்பை நீ பார்த்திருக்க வேண்டும். மத்தியானமே உன் அத்தான் ஊர் ஒலிபெருக்கியைப் போட்டு, "சாயங்காலம் யாரும் வயல்ல, குளத்துல நிக்கவேண்டாம். எல்லாரும் போன் பக்கத்துல இருங்க. போன்ல ஊர்வம்பு பேசாதீங்க, லைனைக் காலியா வெச்சிருங்க" என்று கத்தினார். பொழுது சாயுமுன் தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. விலாங்குக் குளத்துக் காற்றுச் சக்கரங்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. எல்லா வீட்டிலும் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

முதலில் அடித்தது ஆ-முய். "உனக்கு வந்துச்சா?" என்கிறாள். அத்தான் அங்கிருந்தே, "வைடி போனை!" என்று கத்தினார். எனக்கா ஆ-முய்க்கா என்று தெரியவில்லை, இரண்டு பேரும் வைத்துவிட்டோம்.

பிறகு நிஜமாகவே வந்தது. அத்தான்தான் எடுத்தார். கணிப்புக்காரர்கள் வீட்டில் இருக்கிற பெண்கள் யாராவது பேசவேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள், ஆண்கள் கணக்கு நிறைந்துவிட்டதாம். அவர் முகம் போன போக்கைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. ரிசீவரை என்னிடம் நீட்டினார், நீட்டிய கையை விடவில்லை. இருவரும் கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

சின்னப் பெண் குரல், வடக்கத்திப் பேச்சு. வயது கேட்டாள், ஊர் கேட்டாள். முதல் கேள்விக்கு, "சாய் சிங்-ஹாய்" என்றேன். கணீரென்று சொன்னேன். அத்தான் சுவரிலிருந்து தாளைக் கிழித்து என் மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

"அடுத்த கேள்வி அம்மா. செங் பி-சென்னும் கோவும் போட்டியிட்டால் யாரை ஆதரிப்பீர்கள்?"

தாளைப் பார்த்தேன். தாளுக்குமேல் அத்தானின் கண்ணைப் பார்த்தேன். அதில் மிரட்டல் இல்லை, பி-சென். கெஞ்சல்தான் இருந்தது. அதனால்தான் நேரமாகிவிட்டது.

"அம்மா, லைன்ல இருக்கீங்களா?"

"செங் பி-சென்" என்றேன். "என் கூடப் பொறந்தவ."

"பேரு மட்டும் போதும்மா" என்று சொல்லி நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

உன் அத்தான் கத்துவார் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "முதல் கேள்விக்கு அவரு, ரெண்டாவதுக்கு இவ. ரெண்டு பேருக்கும் சொன்னா யாருக்குமே சொல்லலைன்னு அர்த்தம், தெரியுமா உனக்கு?" என்றார். "தெரியும்" என்றேன். "பொய் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆவாதேடி" என்றார். தலையணையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார், தீவன மூட்டைகளுக்கு நடுவில் படுத்துக்கொள்ள. இன்று காலையிலிருந்து என்னிடம் பேச்சில்லை. ஊருக்கு மட்டும் சொல்லியிருக்கிறார். "என் பொண்டாட்டிக்கு உசுரு போனாலும் பொய் வராது, என் தலையெழுத்து" என்று கடையில் வருகிறவனிடமெல்லாம் சொல்கிறாராம்.

எனக்கு நன்றி எழுதாதே. உனக்காகச் சொல்லவில்லை. கோ பெயரைச் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். பெரியப்பா பெயரைத்தான் முதலிலும், சத்தமாகவும் சொன்னேன்.

சு-ஷியா

*

தோவ்லியூ
மே 14

அக்கா,

செய்தியில் பார்த்திருப்பாய். ஜெயித்துவிட்டேன். மயிரிழை என்பார்களே, அதைவிட மெல்லிசான இழை. அலுவலகத்துப் பிள்ளைகள் வாசலில் பட்டாசு வெடிக்கிறார்கள். நான் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு உனக்கு எழுதுகிறேன்.

உன் கடிதம் காலையில் வந்தது. இதை உன்னிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

அன்று என் வீட்டுக்கும் போன் வந்தது. யார் வீட்டுக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது, வேட்பாளர் வீட்டுக்கே வந்துவிட்டது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், ஒலிபெருக்கியில் போட்டுவிட்டார்கள். எனக்குப் பெயர்கள் மாறி வந்தன. முதல் கேள்வியில் நான். என் பெயரை நானே சொன்னேன், எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இரண்டாவது, சாய் சிங்-ஹாயும் கோவும்.

யாரும் என் முன்னால் தாள் பிடிக்கவில்லை, அக்கா. யாரும் கெஞ்சவில்லை. ஒரே ஒரு வீட்டின் பதில்தானே, நான் சாய் என்று சொல்லியிருந்தாலும் குடிமுழுகிப் போயிருக்காது. உனக்கு நேரமாகிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். எனக்கு நேரமே ஆகவில்லை. "கோ" என்றேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் சிரித்தேன். ராத்திரி பல் தேய்த்தேன், பிறகு இன்னொரு தரம் தேய்த்தேன். அவ்வளவுதான் நான் செய்த பிராயச்சித்தம்.

இப்போது கட்சி சொல்கிறது, சாய் சிங்-ஹாய் உன்னோடு மேடை ஏறாவிட்டால் கடலோரம் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும், கோ சுலபமாக ஜெயிப்பான் என்று. உண்மைதான். நாளை மறுநாள் அவர் வீட்டுக்குப் போகவேண்டும். போய் என்ன சொல்வது? என் நெஞ்சு அடைத்துக்கொண்டு கிடக்கிறது. அட்டையை எழுதியது நான், போனில் சொன்னதும் நான் என்று அவர் காலடியில் உட்கார்ந்து சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். அதற்குப் பிறகு அவர் வெளியே போ என்றால் போய்விடுகிறேன்.

இதை அலுவலகத்துப் பிள்ளை ஒருவனிடம் இன்றே கொடுத்தனுப்புகிறேன். நீ கூட வருவாயா?

பி-சென்

*

கோவ்ஹூ
மே 15

பி-சென்,

இந்தக் கடிதத்தை லாய் மாமா மகன் வண்டியில் கொடுத்தனுப்புகிறேன், தபாலை நம்பிக் காத்திருக்க முடியாது. நாளைக்குக் கிளம்புமுன் முழுதாகப் படி.

நான் உன்னோடு வரவில்லை. இன்று காலையிலேயே போய்விட்டு வந்துவிட்டேன்.

பெரியப்பா முற்றத்தில் தினசரியை விரித்துப்போட்டு நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் தோற்ற செய்தி போட்ட தாள், அவர் படத்துமேலேயே நகம் விழுந்துகொண்டிருந்தது. "உக்காரும்மா" என்றார். பெரியம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போய்விட்டார்.

"பி-சென் நாளைக்கு வர்றாளாமே" என்றார்.

"ஆமா பெரியப்பா."

"தோத்தது எனக்கு வலிக்கலை. வயசாயிடுச்சு, பம்பு விஷயத்துல எம்மேலயும் தப்பு இருக்கு. பசங்களை நான் அதட்டியிருக்கணும்." அடுத்த விரல் நகத்தை வெட்டினார். "அந்த அட்டைதான். என்னைவிட கோ மகன் தேவலைன்னு போட்டிருந்துச்சே, அதுதான் நெஞ்சுல நிக்குது. நம்ம பக்கத்துப் பசங்களும் அதையே சொன்னாங்கன்னு கேள்விப்பட்டேன், தலைகுனிஞ்சுட்டேன். ஆனா அவ எழுதியிருப்பாளா?"

காற்றில் எழும்பிய தாளின் ஓரத்தை நான் அழுத்திப் பிடித்தேன்.

"யுங்-ஃபூ வந்து எல்லாம் சொன்னான். தாளைப் புடிச்சும் உனக்குப் பொய் வரலையாமே. ஊர்ல இப்ப யார் சொல்றதையும் என்னால நம்ப முடியல. நீ சொல்லு, நம்பறேன். அட்டையை அவளா எழுதினா?"

போனில் அந்தப் பெண் கேட்டபோது எனக்குத் திக்கியது. இப்போது திக்கவில்லை, பி-சென். எனக்கே ஆச்சரியம்.

"இல்ல பெரியப்பா" என்றேன். "ஆபீஸ்ல இருக்கற பசங்க எழுதினது. அவ அச்சடிச்சு வந்தப்புறம்தான் பாத்தா. பாத்துட்டு எனக்கு அழுது கடிதாசி போட்டா."

"அவ வீட்டுக்குப் போன் வந்திருந்தா?"

"உங்க பேரைத்தான் சொல்லியிருப்பா. வேற யார் பேரைச் சொல்லுவா?"

நகவெட்டியைக் கீழே வைத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதானே. எனக்குத் தெரியும். இவதான் கேக்கவே மாட்டேங்கறா" என்று உள்ளே பார்த்துச் சத்தமாகச் சொன்னார், பெரியம்மாவுக்குக் கேட்கும்படி. பிறகு, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வருவதாகவும், உன் கையைப் பிடித்துத் தூக்கி ஊருக்குக் காட்டுவதாகவும் சொன்னார். என்னைத் தெருமுனை வரை கொண்டுவந்து விட்டார்.

ஆகவே நாளைக்குப் போனதும் காலடியில் உட்காராதே. எதையும் ஒப்புக்கொள்ளாதே. உண்மையைச் சொன்னால் உன் நெஞ்சடைப்பு போய்விடும், எடுத்து அவர் நெஞ்சில் வைத்துவிட்டு நீ லேசாக வந்துவிடுவாய். அவருக்கு எழுபத்து மூன்று. அதை அவர் எங்கே கொண்டுபோய் இறக்குவார்? நீயே வைத்துக்கொள். சுமக்கத்தான் வேண்டும்.

வீட்டுக்கு வந்து உன் அத்தானிடம், பெரியப்பா மேடை ஏறுகிறார் என்று மட்டும் சொன்னேன். மனுஷன் போய்த் தலையணையைக் கடையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "நீ நிஜத்தைச் சொன்னதாலதான் அவரு மனசு எறங்கினாரு" என்கிறார். பெருமையாம் அவருக்கு. ஆ-முய்யும் அதையேதான் சொல்கிறாள். இனிமேல் இந்த ஊரில் எந்தச் சண்டை வந்தாலும், சு-ஷியாவைக் கேளுங்கள், அவளுக்குப் பொய் வராது என்று என்னிடம்தான் வரப்போகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு என்னை எதிர்பார்க்காதே. அவர் உன் கையைத் தூக்கும்போது உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. வந்தால், நீ பார்க்க வேண்டாம் என்று சொன்னாலும் அவர் முகத்தைத்தான் நான் பார்ப்பேன், என்னை நம்பிவிட்ட அந்த முகத்தை.

சு-ஷியா